வரிசைக்கு இரண்டே நிறம்



வண்ணப் பின்னல் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் வரும் பயம் நிறங்களின் எண்ணிக்கையைப் பற்றியதுதான். ஒரு ஸ்வெட்டரில் பத்துப் பன்னிரண்டு நிறம் தெரிகிறது. இத்தனை நூலையும் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பின்னுவது என்று மலைத்துப் போகிறார்கள். யாரும் அப்படிப் பின்னுவதில்லை. ஃபேர் ஐல் பாணி ஸ்வெட்டர் ஒன்றில் எந்த வரிசையை வேண்டுமானாலும் எடுத்து எண்ணிப் பாருங்கள், இரண்டு நிறத்துக்கு மேல் இருக்காது. மூன்றாவது நிறம் உள்ளே வர வேண்டுமென்றால், இருக்கிற இரண்டில் ஒன்று வெளியே போக வேண்டும். அதுவும் அடுத்த வரிசையில்தான் நடக்கும். ஸ்வெட்டர் முழுக்கப் பன்னிரண்டு நிறம் இருக்கலாம். கையில் இருப்பது எப்போதும் இரண்டு கண்டுதான்.

இன்றைய பேச்சு இந்த ஒரு கட்டுப்பாட்டைப் பற்றியது. யாரோ ஒரு ஓவியர் அழகுக்காக வகுத்த விதி என்று நினைக்க வேண்டாம். பின்னுகிற கையும், பின்னப்படுகிற நூலும் சேர்ந்து போட்ட விதி. அது புரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் புரியும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஃபேர் ஐல் என்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றைத் தீவு. நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. இன்று அங்கே வாழ்கிறவர்கள் நூறு பேர்கூட இல்லை. நம் பக்கத்தில் ஒரு தெருவில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். இவ்வளவு சின்ன இடத்தின் பெயர் உலகம் முழுக்க ஒரு பின்னல் பாணிக்கு நிலைத்துவிட்டது.

எப்படி என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 1588இல் அர்மடா எனப்படும் ஸ்பானியப் போர்க் கப்பற்படையைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல் இந்தத் தீவின் பாறையில் மோதி உடைந்தது. அதுவரை சரித்திரம். கரையேறிய மாலுமிகள்தான் இந்த வடிவங்களைத் தீவுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பின்னால் ஒட்டவைத்தது. அதற்கு ஆதாரம் கிடையாது. கதை நன்றாக இருக்கிறது, அதனால் சுற்றுலாக் கையேடுகள் விட மாட்டேன் என்கின்றன.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது ஒரு பணப்பை. 1951இல் ஷெட்லாண்டில் கன்னிஸ்டர் என்ற இடத்தில், பீட் எனப்படும் சதுப்புக் கரிமண்ணை வெட்டும்போது பழைய காலத்து மனிதர் ஒருவரின் எச்சங்கள் கிடைத்தன. உடல் பெரும்பாலும் கரைந்துபோய்விட்டது, கம்பளி உடைகள் அப்படியே இருந்தன. கூடவே பின்னப்பட்ட சிறு பணப்பை ஒன்று. சாம்பல் நிறத்தில், சிவப்பும் வெள்ளையும் கலந்த பட்டைகள். உள்ளே இருந்த நாணயங்கள் 1681க்கும் 1690க்கும் இடைப்பட்டவை. அவை டச்சு, ஸ்வீடன் நாணயங்கள். அந்தக் காலத்தில் டச்சு மீன்பிடிக் கப்பல்கள் ஷெட்லாண்டுக்கு வருவதும், தீவுப் பெண்கள் பின்னிய காலுறைகளை மாலுமிகள் வாங்குவதும் வழக்கம். வட கடல் அவர்களுக்குச் சந்தைக்குப் போகும் பாதை. வடிவங்கள் கப்பல் உடைந்துதான் வர வேண்டும் என்றில்லை, கப்பல் ஒழுங்காக வந்து போனாலே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். நார்வேயில் செல்பு என்ற ஊரின் கையுறைகளில் எட்டு இதழ் நட்சத்திரம் இருக்கிறது. மாரித் எம்ஸ்டாட் என்ற இளம் பெண் 1857இல் அதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். லாட்வியாவிலும் எஸ்தோனியாவிலும் அதே நட்சத்திரம், அதே சாய்சதுரம், அதே பெருக்கல் குறி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்டது நிச்சயம் உண்டு. ஆனால் பார்த்தே இராதவர்கள் பின்னினாலும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஏன் என்று தெரிய, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இதோ என் கையில் இருக்கும் மாதிரித் துண்டு. முன்பக்கம் சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சாய்சதுரங்கள். முன்னால் மூன்று சிவப்புக் கண்ணி பின்னும் நேரத்தில் வெள்ளை நூல் எங்கே போனது? பின்பக்கத்தில் படுக்கையாக ஓடிக்கொண்டிருக்கிறது. தன் முறை வந்ததும் முன்னால் எழுந்து கண்ணியாகிறது, உடனே சிவப்பு பின்னால் போய் ஓடுகிறது. இந்த ஓடும் நூலுக்கு ஃப்ளோட் என்று பெயர். இதனால்தான் இந்தத் துணிக்கு இரட்டைக் கனம், இரட்டைச் சூடு. மீன்பிடிக்கப் போகிறவனுக்கு அது வரம். மூன்றாவது நிறத்தையும் அதே வரிசையில் சேர்த்தால் பின்னால் இரண்டு நூல் ஓட வேண்டும். துணி தடித்து விறைக்கும், கண்டுகள் மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், பின்னுகிற நேரத்தைவிடச் சிக்கெடுக்கிற நேரம் அதிகமாகும்.

அடுத்தது ஃப்ளோட்டின் நீளம். நான்கைந்து கண்ணிக்கு மேல், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல், நூல் பிடிப்பில்லாமல் ஓடினால் கை நுழைக்கும்போது விரல் மாட்டும், வளையல் மாட்டும். நடுவில் ஒரு தடவை இன்னொரு நூலால் பிடித்துப் போகலாம். ஆனால் வரிசைக்கு வரிசை அதையே செய்தால் கை வேகம் போய்விடும், பிடித்த இடம் சில சமயம் முன்பக்கம் புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஆகவே ஒரே நிறம் நீளமாக ஓடாத வடிவங்களைத்தான் கை தேர்ந்தெடுக்கும். சாய்கோடு அதற்கு மிகத் தோதானது, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி மட்டும் நகரும். இரண்டு சாய்கோடு சேர்ந்தால் சாய்சதுரம், ஒன்றை ஒன்று வெட்டினால் பெருக்கல் குறி. இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதுதான் ஷெட்லாண்டில் ஓ-எக்ஸ்-ஓ என்று சொல்லும் புகழ்பெற்ற பட்டை. பெரிய ரோஜாவோ யானையோ வேண்டுமென்றால் இன்டார்சியா என்று வேறு முறை இருக்கிறது. பின்னால் நூல் ஓடாது, ஒவ்வொரு நிறத்திட்டுக்கும் தனி நூல் தொங்கும். எனக்கு அதில் பெரிய ஆசை கிடையாது.

இப்போது கைக்கு வருவோம். கஷ்டம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் தெரிந்த எவருக்கும் இந்தப் பின்னலில் புதிய கண்ணி என்று ஒன்று கிடையாது. சொல்லப்போனால் பர்ல்கூட அதிகம் வேண்டாம், ஏனென்றால் துணியை வட்டமாகப் பின்னுவார்கள். வட்டமாகப் போனால் எப்போதும் முன்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும், நிட் மட்டும் போட்டுக்கொண்டே போகலாம். கட்டம் போட்ட படத்தைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு சரியாகிவிடும். நூல் பிடிப்பதில் இரண்டு வழி: கைக்கு ஒரு நிறம், அல்லது இரண்டு நிறமும் ஒரே கையில். எது நல்லது என்று பின்னுகிறவர்களுக்குள் பெரிய சண்டையே உண்டு. வலக்கையால் நூலை எறிந்து பின்னத் தெரிந்தவர்கள் இன்னொரு நூலை இடக்கையில் பிடிக்கக் கற்றுக்கொண்டால் நூல் முறுக்காது. தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

உண்மையான சோதனை இழுவையில் இருக்கிறது. பூக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். நாரை இறுக்கினால் மல்லிகையின் காம்பு அறுந்து விழும், தளர்த்தினால் பூ உருவிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு விரலுக்குத்தான் தெரியும். ஃப்ளோட்டும் அப்படித்தான். தொடங்குகிறவர்கள் எல்லாரும் இறுக்குகிறார்கள். நிறம் மாறும் இடத்தில் நூலை ஒரு சுண்டு சுண்டுவார்கள், ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயம். விளைவு, துணி சுருங்கிக் குமிழ் குமிழாக நிற்கும். இறுகிய ஃப்ளோட் எத்தனை தடவை துவைத்தாலும் இளகாது. கொஞ்சம் தளர்ந்த ஃப்ளோட்டோ துவைத்து விரித்துக் காயவைத்ததும் தானே சீராகிவிடும். தவறினால் தளர்ச்சிப் பக்கம் தவறுங்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. நிறம் மாற்றும் முன் வலப்பக்க ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் தள்ளி, துணி கடைசியில் எவ்வளவு அகலம் இருக்க வேண்டுமோ அவ்வளவு அகலமாகப் பரப்புங்கள். பிறகு புது நூலை அந்த அகலத்தைத் தாண்டி ஓடவிட்டு அடுத்த கண்ணியைப் போடுங்கள். அப்படியும் கை இறுக்கினால், வட்டமாகப் பின்னிவரும் குழாயை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்னலாம். அப்போது ஃப்ளோட்டுகள் குழாயின் வெளிச்சுற்றில் வரும். வெளிச்சுற்று உட்சுற்றைவிட நீளம், நூல் வேறு வழியில்லாமல் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. பின்பக்கத்தில் இரண்டு நூலும் ஓடும்போது ஒன்று எப்போதும் மேலே, ஒன்று கீழே. கீழே ஓடும் நூல் தன் கண்ணிக்கு ஏறிவரச் சற்று அதிகத் தூரம் இருக்கிறது. அதனால் அதன் கண்ணிகள் ஒரு நூலிழை பெரிதாக அமைந்து முன்பக்கம் எடுப்பாகத் தெரியும். வடிவத்துக்கான நிறத்தைக் கீழேயும் பின்னணி நிறத்தை மேலேயும் ஓடவிட்டால் பூ பளிச்சென்று நிற்கும். மாற்றிப் பிடித்தால் பின்னணிக்குள் பூ அமுங்கும். எதைத் தேர்ந்தாலும் பாதகமில்லை, நடுவில் மாற்றக் கூடாது. ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் பிடித்துப் பின்னிய தொப்பியில் அந்த இரண்டு நாளும் தனித்தனிப் பட்டையாகத் தெரியும்.

எண்ணிக்கைக் கணக்கும் ரசமானது. வடிவம் வட்டத்தில் மிச்சமில்லாமல் முடிய வேண்டும். மெல்லிய நூலில் பின்னும் தொப்பிக்கு 144 கண்ணி வழக்கமான எண்ணிக்கை. ஏன் 144? அதை 2, 3, 4, 6, 8, 9, 12, 16, 18, 24 எதால் வகுத்தாலும் மீதி வராது. ஆறு கண்ணிப் பூ, எட்டுக் கண்ணி அலை, இருபத்துநான்கு கண்ணி நட்சத்திரம் எல்லாம் ஒரே தொப்பியில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். பிற்காலத்தில் வீட்டில் வைத்துப் பின்னும் எந்திரங்கள் வந்தபோது, அவற்றின் துளை அட்டைகளில் பரவலாக நிலைத்த அகலமும் 24 கண்ணிதான்.

எந்திரத்துக்கு முன்னால் இருந்த வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெட்லாண்ட் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் வார் கட்டுவார்கள், மேக்கின் பெல்ட் என்று பெயர். அதில் குதிரை முடி அடைத்த திண்டு ஒன்று, திண்டு முழுக்கத் துளைகள். வலப்பக்க ஊசியின் பின்முனையை ஒரு துளையில் செருகிவிட்டால் ஊசியைப் பிடிக்க வேண்டிய வேலை வலக்கைக்கு இல்லை, நூலை எறிவது மட்டும்தான். பீட் நிரப்பிய கூடையை முதுகில் சுமந்துகொண்டு நடந்தபடியே பின்னும் பெண்களைப் பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். ஷெட்லாண்டைச் சேர்ந்த ஹேசல் டின்டால் 2008இல் அமெரிக்காவில் நடந்த வேகப் போட்டியில் 3 நிமிடத்தில் 262 கண்ணி பின்னினார். அவரும் இந்த வாரைக் கட்டிப் பின்னுகிறவர்தான்.

அந்தப் படங்களைப் பார்த்து நாம் ரசித்துவிட்டுப் போய்விடக் கூடாது. நடந்துகொண்டே பின்னியது பொழுதுபோக்குக்காக அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பின்னலுக்குக் கூலி பெரும்பாலும் காசாகக் கிடைக்கவில்லை. வணிகரின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே கடையிலிருந்து தேயிலையும் துணியும் சாமானும் எடுத்துக்கொள்ள வேண்டும், விலை வைப்பதும் அவரே. இந்தப் பண்டமாற்று முறையை விசாரிக்க அரசு ஓர் ஆணையம் வைத்தது. அதன் ஷெட்லாண்ட் அறிக்கை 1872இல் வந்தது. பின்னுகிற பெண்களும் வந்து சாட்சி சொன்னார்கள். ஒரு பூவுக்காக மூன்று நூலைச் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. மனப்பாடமாகப் போடக்கூடிய, படம் பார்க்காமல் அரையிருட்டில் போடக்கூடிய வடிவம்தான் வேண்டும். சாய்சதுரம் இடமும் வலமும் ஒன்று, மேலும் கீழும் ஒன்று. பாதி நினைவிருந்தால் மீதி தானே வரும்.

பிறகு 1921இல் ஷெட்லாண்டின் லெர்விக் நகரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், அப்போதைய வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கு ஒரு ஃபேர் ஐல் ஸ்வெட்டரைப் பரிசாக அனுப்பினார். 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் இளவரசர் அதைப் போட்டுக்கொண்டு ஆடினார். படங்கள் வந்தன, ஓவியமும் வந்தது. எல்லாருக்கும் அது வேண்டியதாயிற்று. விளம்பர வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. பின்னல் வரலாற்றில் இதைவிடப் பெரிய இடம் மேலே சொன்ன அறிக்கைக்கு இருக்க வேண்டும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒன்றுதான் சொல்வேன். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறம், சேர்த்துப் பின்னினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்றால் நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது வடிவமே தெரியாது, ஒரு மண் நிறம்தான் தெரியும். கண்டுகளை அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். ஒன்று வெளிறியும் மற்றது கருத்தும் இருந்தால் துணிந்து பின்னலாம். ஷெட்லாண்ட் செம்மறிகளே வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று பல நிறத்தில் பிறக்கின்றன. சாயமே இல்லாமல் அந்த நான்கை வைத்துப் பின்னிய ஸ்வெட்டர்கள் எனக்கு மிகப் பிடித்தவை.

நூல் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். பழக அது போதும், தொப்பிக்கும் போதும். ஆனால் அது வழவழப்பானது, நனைத்துக் காயவைத்தாலும் கண்ணிகள் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ளாது. அசல் கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இந்தப் பற்றை நம்பித்தான் ஷெட்லாண்டில் ஸ்வெட்டரைக் கத்தரியால் வெட்டுகிறார்கள்.

ஆம், வெட்டுகிறார்கள். முன்பக்கம் திறக்கும் கார்டிகனானாலும் அதையும் முழுக் குழாயாகவே பின்னுவார்கள், பர்ல் வரிசையில் வடிவம் போடும் தொல்லை வேண்டாம் என்று. திறப்பு வரவேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கண்ணி கூடுதலாக ஏற்றி, அந்த இடத்தில் இரண்டு நிறத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக நெருக்கிப் பின்னுவார்கள். அதற்கு ஸ்டீக் என்று பெயர். எல்லாம் முடிந்தபின் அந்தப் பட்டையின் நட்டநடுவே கீழிருந்து மேல்வரை ஒரே வெட்டு. அசல் ஷெட்லாண்ட் கம்பளி பிரியாது. வெட்டிய ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. எந்திரத்தில் துவைக்கும்படி செதிலை நீக்கிப் பதப்படுத்திய கம்பளியிலோ, பருத்தியிலோ, அக்ரிலிக்கிலோ இதை அப்படியே செய்தால் கண்ணிகள் உருவிக்கொண்டு போகும். அவற்றில் வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் தையல் எந்திரத்தில் ஒரு தையல் ஓட்டியே ஆக வேண்டும்.

முதல் தடவை பின்னுகிறவர்கள் கார்டிகனில் தொடங்க வேண்டாம். ஒரு தொப்பி, அல்லது மணிக்கட்டுக்குப் போடும் சின்ன உறை. பக்கத்து மேசையில் வட்ட ஊசிகளும், வெள்ளையிலும் கருநீலத்திலும் ஆளுக்கு ஒவ்வொரு கண்டும் வைத்திருக்கிறோம். 48 கண்ணி ஏற்றுங்கள், மணிக்கட்டுக்கு அது சரியாக வரும். படத்தில் இருப்பது ஆறு கண்ணிச் சாய்சதுரம். இரண்டு அங்குலம் பின்னிய பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள், நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.